சுவருக்கு வடக்கே

மடகாஸ்கர்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

பெர்சிஸ் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நான் நர்ஸ் வேலைக்கு டவுனிலிருந்து போன மாதம் மாறி வந்திருக்கிற இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் போன் எடுக்காது. வாரத்துக்கு ஒருநாள் டவுனுக்குப் போகும் வண்டியில் தபால் பை போகிறது. இனி நமக்குக் காகிதம்தான்.

அண்ணன் போய் நாலு மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு வராத பாவி நான். அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் இதுவரை சொல்லவில்லை. பட்டாசுக் கம்பெனி போர்மேன் ஊர்க்காவலன் அப்போது போனில் சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. "மணி மருந்துத் தட்டை வெயில்லே போட்டுட்டு ஜாபஸ் அசந்து தூங்கிட்டான்ம்மா." ஊரே அதைத்தான் சொல்கிறதாமே. என்னால் நம்ப முடியவில்லை. எழுதுங்கள்.

சிரிக்கவும் ஒன்று இருக்கிறது. யூனிபார்ம் வெளுக்காமல் இருக்க, நம் ஊரில் செய்கிற மாதிரி சுவருக்கு வடபக்கம் நிழலில் காயப்போட்டேன். மத்தியானம் வந்து பார்த்தால் சுள்ளென்று வெயில்! இந்த ஊரில் நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கிறது மதினி. என் நீலக் கரையெல்லாம் போயிற்று.

உங்கள் பெர்சிஸ்


விருதுநகர்
6 அக்டோபர் 2024

அன்பான பெர்சிஸுக்கு மதினி பொன்னுத்தங்கம் எழுதுவது,

நான் நல்லா இருக்கிறேன். முழங்கால் பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஐந்தாம் வகுப்பு எழுத்து, தப்பு இருந்தால் சேர்த்துப் படித்துக்கொள்.

தாயில்பட்டி வீட்டைக் காலி பண்ணி இங்கே வந்துவிட்டேன். மிளகாய் வத்தல் குடோனில் காம்பு கிள்ளுகிற வேலை. மாடியில் ஒரு ரூம். வீட்டுக்காரம்மா பேர் சொர்ணலட்சுமி. வாய் ஜாஸ்தி, மனசு நல்ல மனசு.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சூரியன் வடக்கே நிற்குமா? கிழக்கே உதித்து உச்சிக்கு வந்து மேற்கே போகிற சாமான்தானே அது? குடோனில் படித்துக் காட்டினேன். லோடு தூக்குகிற சங்கிலிமுத்து, "உங்க நாத்தனா ஊர்லே சூரியனுக்கு வழி தெரியலை போல. யாராச்சும் கையைப் பிடிச்சு பஸ் ஏத்தி விடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் எப்போதாவது சூரியன் அப்படி வடக்கே நிற்குமா? எந்த மாதம்? எத்தனை நாள்? வண்டி எப்போது போனாலும் முதல் வண்டியில் பதில் போடு.

மதினி


மடகாஸ்கர்
3 நவம்பர் 2024

அன்புள்ள மதினி,

இருமல் வந்து போனது. இப்போது சுகம். நீங்கள் காம்பு கிள்ளும்போது மூக்கில் துணி கட்டுகிறீர்களா?

நீங்கள் கேட்டதை இங்குள்ள டாக்டரம்மாவிடம் கேட்டு, ஒரு தேங்காயையும் டார்ச்சையும் வைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். நிற்கும் மதினி. நம் ஊரிலும் நிற்கும். சூரியன் ஒரே வழியில் போவதில்லை. ஊஞ்சல் மாதிரி மார்கழியில் தெற்குக் கோடிக்குப் போய்த் திரும்புகிறது. சித்திரை ஒன்றாம் தேதி வாக்கில் உங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். அதற்குப் பிறகு வடக்கே இறங்கி, ஆனியில் வடக்குக் கோடியைத் தொட்டு, ஆவணியில் மறுபடியும் உங்கள் தலைக்கு மேல் வரும். நடுவில் நாலரை மாதம் நடுப்பகல் வெயில் உங்களுக்கு வடக்கிலிருந்துதான். ஆனால் உச்சியை விட்டுக் கொஞ்சம்தான் விலகும். அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

நம்பாவிட்டால் ஒரு கம்பியை நட்டு, மத்தியானத்து நிழலைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லையே.

பெர்சிஸ்


விருதுநகர்
1 டிசம்பர் 2024

பெர்சிஸுக்கு,

உன் இருமலுக்குச் சுக்கு போடு. நான் சுகம்.

கம்பி நட்டுவிட்டேன்! உங்க அண்ணன் குடை இருந்தது. துணியைப் பிரித்துவிட்டு நடுக்கம்பியை எடுத்தேன். இரண்டு அடி இருக்கும். பெயிண்ட் டப்பாவில் சிமிண்ட் குழைத்து ஊன்றி மொட்டை மாடியில் வைத்தேன். தரை சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் ஓடவில்லை. நிழல் முடிகிற இடத்தில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி. சொர்ணலட்சுமி மேலே வந்து, "ஏட்டி, என் மாடியிலே என்ன செய்வினை வைக்கே?" என்று சத்தம் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே போய் இன்னொரு பாட்டில் கொண்டுவந்தார்.

இப்போது நான் ஏன் இதற்குப் பறக்கிறேன் என்று எழுதிவிடுகிறேன். கம்பெனியில் ரூமுக்கு முன்னால் எட்டடித் தடுப்புச் சுவர் உண்டு. கிழக்கு மேற்காக நிற்கும். போன வருசம் ஐப்பசியில் புதிதாகக் கட்டியது. நாங்கள் கார்த்திகையில் வேலைக்குச் சேர்ந்தோம். வாணத்துக்குள் போடுகிற மணி மருந்து நிழலில்தான் காய வேண்டும், வெயிலில் சூடேறினால் வெடித்துவிடும். கார்த்திகை, மார்கழி, தை, மாசி, அந்தச் சுவருக்கு வடக்கே நாள் பூராவும் நல்ல நிழல். தட்டெல்லாம் அங்கேதான். பங்குனியில் இன்ஸ்பெக்சன் என்று கம்பெனியைப் பூட்டினார்கள். வைகாசி மூன்றாம் தேதி திறந்தார்கள். அன்றைக்குக் காலையில் மழை மூட்டம், வெயிலே இல்லை. தட்டு சுவருக்கு வடக்கே இருந்தது. பிறகு மேகம் கலைந்தது.

நீ எழுதியது நிஜமானால் அந்தச் சுவர் அதற்கு முன்னால் ஒரு சித்திரை வைகாசியும் பார்த்ததில்லை. நிழலில் இருந்த தட்டுக்கு வெயில் தானாக வந்திருக்கிறது. உங்க அண்ணன் வெயிலில் போட்டார் என்பது பொய்.

இன்னொன்று. கம்பெனியை இந்தக் கார்த்திகையில் மறுபடி திறந்துவிட்டார்கள். யோகேஸ்வரி அங்கேதான் வேலை பார்க்கிறாள். எங்கள் கூடத் தட்டு தூக்கினவள். தட்டெல்லாம் அதே சுவருக்கு வடக்கேதான் என்கிறாள். சித்திரைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மதினி


விருதுநகர்
29 டிசம்பர் 2024

அன்பான பெர்சிஸ்,

உன் பதில் வரும் முன்னே எழுதுகிறேன், பொறுக்க முடியவில்லை. கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். அதை விடு.

திரும்பிவிட்டது! நிழல் திரும்பிவிட்டது! கார்த்திகை முழுக்க வடக்கே நீண்டுகொண்டே போனது. ஒரு சாணும் எட்டு விரலும் ஆனது. அப்புறம் பத்து நாள் புள்ளி மேல் புள்ளி, அசையவே இல்லை. கம்பி கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். நேற்று ஒரு நூல் உள்ளே வந்திருக்கிறது. சொர்ணலட்சுமி கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்து, "ஆமாட்டி, வந்திருக்கு" என்றார். இரண்டு பேரும் மாடியில் நின்று கைகொட்டினோம். தெரு பார்த்தது.

நிழல் ரொம்பக் குட்டையாகிற நேரம் பன்னிரண்டு மணி இல்லை, தெரியுமா? பன்னிரண்டே கால் தாண்டி.

நல்ல வருசம் பிறக்கட்டும் உனக்கு.

மதினி


மடகாஸ்கர்
19 ஜனவரி 2025

அன்புள்ள மதினி,

புது வருஷ ஆசீர்வாதம். உங்கள் இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. வார்டில் வைத்துப் படித்து நானும் கைதட்டிவிட்டேன். நோயாளிகள் பயந்துபோனார்கள்.

என் பங்குக்கு ஒன்று. இங்கே நிலாவில் முயல் தலைகீழாகக் கிடக்கிறது! அது மட்டும் இல்லை. சாயங்காலம் கிழக்கே வரிசையாக மூன்று வெள்ளி வருமே, அண்ணன் எனக்குச் சின்ன வயதில் காட்டுவானே, அதைச் சுற்றி இருக்கிற நாலு வெள்ளியும் கீழ்மேலாக மாறியிருக்கின்றன. வானம் அதேதான். நான்தான் உலகத்தின் இந்தப் பக்கத்தில் தலைகீழாக நிற்கிறேன்.

சுவர் விஷயம் படித்து இரண்டு நாள் தூங்கவில்லை. அண்ணன் பேர் மீளும் என்றால் எனக்கு அது போதும். ஊர்க்காவலனிடம் சொன்னீர்களா? அன்றைக்குக் காலையில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதானே வேலைக்குப் போனீர்கள்?

பெர்சிஸ்


விருதுநகர்
23 பிப்ரவரி 2025

பெர்சிஸுக்கு,

நலம். உன் முயலை சங்கிலிமுத்துவிடம் சொன்னேன். "அங்கன போனா எனக்கும் தலை கீழே தொங்குமா? அப்ப லோடு எப்படித் தூக்க?" என்கிறான்.

நிழல் ஒரு சாணுக்குள் வந்துவிட்டது. குட்டை நிழலின் நேரமும் நகர்கிறது. மார்கழியில் கால் மணி தாண்டி இருந்தது, இப்போது அரை மணி தாண்டிப் போய்விட்டது. ஏன் என்று உன் டாக்டரம்மாவைக் கேள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனால் உன் மூன்று வெள்ளி தலைக்கு மேல் நிற்கிறது. இத்தனை வருசம் இதெல்லாம் எனக்கு மேலேயே நடந்திருக்கிறது பெர்சிஸ். நான் குனிந்தே இருந்திருக்கிறேன்.

போன ஞாயிறு தாயில்பட்டிக்குப் போய் ஊர்க்காவலனை டீக்கடையில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏ பொன்னுத்தங்கம், மிளகா நெடி மூளைக்கு ஏறிருச்சா? சூரியன் எப்பம்மா வடக்கே வந்துச்சு?"

"சித்திரைலே வரும் அண்ணாச்சி. வந்து வைகாசி, ஆனி, ஆடி பூராம் நிக்கும்."

"எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. நான் பார்க்காத சித்திரையா?"

"அம்புட்டு சித்திரையும் வெயிலுக்குப் பயந்து குனிஞ்சே போயிருப்பீக. நானும் அப்படித்தான் போனேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் கோபம். "சரி, சித்திரை பிறந்து வா. மத்தியானம் அந்தச் சுவருக்கு வடக்கே ஆடு படுத்துக் கிடக்கும், காட்டுதேன்" என்றார். நான் விடவில்லை. "ஆடு படுத்திருந்தா உங்க கால்லே விழுறேன். நிழல் இல்லேன்னா தட்டை அங்கன வைக்கக் கூடாது. உங்க வாயாலே சொல்லணும், ஜாபஸ் வெயில்லே போடலேன்னு." "சொல்லுதேன் போ" என்றார். யோகேஸ்வரி சாட்சி.

மதினி


மடகாஸ்கர்
16 மார்ச் 2025

அன்புள்ள மதினி,

சுகமா? டீக்கடைச் சண்டையைப் படித்து உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நான் ஒன்றைக் கேட்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்றைக்கு நேராகக் கேட்கிறேன். அண்ணனுக்கு லோடு ஏற்றும்போது வலது தோள் இறங்கி மூன்று வருஷம். கனமான தட்டை அவன் தனியாகத் தூக்க மாட்டான்.

அன்றைக்குத் தட்டை அங்கே வைத்தது யார்?

பெர்சிஸ்


விருதுநகர்
8 ஏப்ரல் 2025

பெர்சிஸ்,

கடிதம் கிடைத்தது. நிழல் ஒரு விரல்கடைதான் இருக்கிறது. சித்திரை பிறக்கட்டும். அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

மதினி


விருதுநகர்
22 ஏப்ரல் 2025

என் பெர்சிஸுக்கு,

உயிர்த்தெழுந்த பண்டிகை வாழ்த்து. உடம்பு சுகம். மனசில் இருப்பது சந்தோஷமா பயமா, எனக்கே தெரியவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சித்திரை ஒன்றாம் தேதி குடோன் லீவு. பதினொன்றரைக்கே சங்கிலிமுத்து, காம்பு கிள்ளுகிற நாலு பேர், எதிர் வீட்டார் என்று எல்லோரும் மாடியில். சொர்ணலட்சுமி பானகம் கரைத்திருந்தார். பன்னிரண்டு பத்துக்கு நிழல் கம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நூல் மாதிரி நின்றது. பன்னிரண்டு இருபதுக்கு இல்லை. இல்லவே இல்லை பெர்சிஸ். கம்பி நிற்கிறது, நிழலைக் காணோம். சொர்ணலட்சுமி செம்பை வைத்தார், அதற்கும் இல்லை. சங்கிலிமுத்து தன்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "யக்கா, நான் இருக்கேனா போயிட்டேனா?" என்றான். நான் சிரித்தேன். பதினோரு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவர்கள் உங்க அண்ணனை நினைத்து அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

பங்குனி இன்ஸ்பெக்சனுக்கும் திருவிழாவுக்கும் ஈஸ்டருக்கும் சேர்த்து கம்பெனி ஒரு மாதம் பூட்டு. நேற்றுத் திறந்தார்கள். நான் காலையிலேயே போனேன். கேட்டில் சோதித்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். உள்ளே போனால், தட்டை இடுப்பில் வைத்தபடி யோகேஸ்வரியும் இன்னும் ஆறு பேரும் சுவருக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். சுவருக்கு வடக்கே வெயில். ஊர்க்காவலன், "இன்னும் கொஞ்ச நேரத்திலே நிழல் வந்துரும், சுவரை ஒட்டி வைங்க" என்றார். நான் கையைக் குறுக்கே நீட்டிவிட்டேன். "அண்ணாச்சி, பன்னிரண்டே கால் வரைக்கும் காலி ரூம்லே இருக்கட்டும். எனக்காக வேண்டாம், நம்ம பந்தயத்துக்காக." என் முகத்தைப் பார்த்தார். சரி என்றார்.

காத்திருந்தோம். பன்னிரண்டே காலுக்கு சுவரின் நிழல் எங்கே இருந்தது தெரியுமா? தெற்கே! நாலு விரல் அகலம். வடக்கே ஒரு பூனைக்குட்டி ஒதுங்கக்கூட இடம் இல்லை. ஊர்க்காவலன் அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். சுவரில் கையை வைத்துப் பார்த்துச் சுட்டதும் எடுத்துக்கொண்டார். "நான்தானே இந்தச் சுவருக்கு நூல் பிடிச்சேன்" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. அப்புறம் எல்லோரையும் பார்த்து, "ஜாபஸ் வெயில்லே போடலே. நான் தெரியாமப் பேசிட்டேன்" என்றார். ஆவணி முடிகிறவரை தட்டெல்லாம் காலி ரூமில்தான் என்றும் சொன்னார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அதோடு வந்திருக்கலாம். ஆனால் நீ கேட்டது நெஞ்சில் இருந்தது.

"தட்டை வச்சது நான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "அவுக தோளுக்கு ஆகாதுன்னு மூணு தட்டையும் நான்தான் தூக்கி வச்சேன். எப்பவும் வைக்கிற இடம்தானேன்னு வச்சேன். மறந்து வந்த சோத்தை எடுக்க வீட்டுக்குப் போனேன். திரும்பி வர்ற வழியிலேயே சத்தம் கேட்டுச்சு. அவுக மேலே பழி சொன்னப்ப வாயைத் திறக்கலே."

பெர்சிஸ், அதுதான் நடந்தது. இத்தனை மாதமாக நான் கம்பியை நட்டு அளந்தது உங்க அண்ணன் பேருக்காக மட்டும் இல்லை. அந்த இடத்தில் நிழல் இருந்திருக்க வேண்டியதா இல்லையா, நான் கொன்றேனா இல்லையா, அது தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யோகேஸ்வரி அழ ஆரம்பித்தாள். "மதினி, அண்ணன் தூங்கவே இல்லே. மேகம் கலைஞ்சு வெயில் அடிக்கவும் எட்டாம் நம்பர் ரூம்லேருந்து ஓடி வந்தாக. 'ஏலே எல்லாரும் கேட்டுக்கு ஓடுங்க'ன்னு கத்திக்கிட்டே தட்டைத் தூக்கப் போனாக. நாங்க ஏழு பேரும் ஓடுனோம். போர்மேன் சொன்னதுக்கு மேலே பேசினா வேலை போயிரும்னு நானும் இருந்துட்டேன்" என்றாள்.

ஒற்றைத் தோளோடு ஓடியிருக்கிறார் பெர்சிஸ்.

இனி உன் இஷ்டம். என்னை மதினி என்று எழுத மனசு வரவில்லையானால் எழுத வேண்டாம்.

பொன்னுத்தங்கம்


மடகாஸ்கர்
11 மே 2025

என் மதினிக்கு, மதினிக்கு, மதினிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது?

யார் தூக்கியிருப்பார்கள் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அவன் தோளுக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். நீங்கள் தனியாக அதைச் சுமக்கக் கூடாது என்றுதான் கடிதத்துக்குக் கடிதம் கேட்டேன். நானும் யூனிபார்மைச் சுவருக்கு வடக்கேதான் போட்டேன் மதினி. உங்களுக்குப் பழகிய நிழல்தான் எனக்கும். என்னுடையது துணி, அதனால் சிரித்துக்கொண்டு எழுதினேன்.

அவன் ஏழு பேரை ஓடச் சொன்னான் என்று இன்றைக்கு வார்டில் எல்லோரிடமும் சொன்னேன். அவர்கள் பாஷையில் சொல்லத் தெரியவில்லை. ஏழு விரலைக் காட்டினேன்.

எனக்கு ஆகஸ்ட் 20 முதல் ஒரு மாதம் லீவு. வருகிறேன்.

பெர்சிஸ்


விருதுநகர்
1 ஜூன் 2025

பெர்சிஸ் கண்ணுக்கு,

நீ வருகிறாய் என்று தெருவுக்கே சொல்லிவிட்டேன். சொர்ணலட்சுமி உனக்குக் கட்டில் வாங்கப் போகிறார். சங்கிலிமுத்து ரயிலடியில் காத்திருந்து பெட்டியைத் தூக்குவான், தலைகீழாக வருகிறாயா என்று பார்க்க வேண்டுமாம்.

நிழல் இப்போது தெற்கே ஆறு விரல். இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பும். உன் தேங்காய்க் கணக்குப்படி ஆவணி பன்னிரண்டாம் தேதி சூரியன் மறுபடி உச்சிக்கு வருகிறது. அன்றைக்கு மத்தியானம் நாம் இரண்டு பேரும் உங்க அண்ணன் கல்லறைக்குப் போவோம். யோகேஸ்வரியும் வருகிறேன் என்றாள். ஊர்க்காவலன் கேட்டாராம், அவரும் வரலாமா என்று. வரட்டும்.

குடை கொண்டுவராதே. இருந்த ஒரு குடையையும் நான் பிரித்துவிட்டேன். பன்னிரண்டு இருபதுக்கு அவர் பக்கத்தில் நமக்கு நிழல் இருக்காது. நிமிர்ந்து நிற்கலாம்.

உன் மதினி